சாவி ஆன், இன்ஜின் ஆஃப்

இரண்டே கால் மணிக்கு தேசப்பன் போன்.
"ரெண்டு லைட்டு எரியுதுக்கா.
ட்ரெய்லர்ல நாப்பது பார் ஐஸு."
எந்த ரெண்டு?
"செவப்பு."
எல்லாமே சிவப்புதான், தேசப்பா.

எண்ணூர் சாலையில்
மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க்குக்கு எதிரே
அந்தக் குட்டி டிராக்டர்.
இருபத்திரண்டு குதிரைத் திறன்.
வயல் பார்த்ததில்லை.
ஷோரூமிலிருந்து நேராக மீனுக்கு வந்தது.
கலப்பை மாட்டும் கொக்கியில்
இன்று வரை ஐஸ்தான்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
டாஷ்போர்டைத் துடைத்தேன்.
பேட்டரிப் படம் எரிகிறது.
தெர்மாமீட்டர் படம் எரிகிறது.
தனித்தனியாக வந்தால் இரண்டு வியாதி.
ஒரே நேரத்தில் வந்தால்
இரண்டுக்கும் நடுவே ஓடுவது எதுவென்று பார்க்கணும்.

பானெட்டைத் தூக்கியதும்
சூடு முகத்தில் அறைந்தது, அவிந்த மீன் வாசனையோடு.
ரேடியேட்டர் முழுக்கச் செதில், நீல வலை நூல்.
ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினேன்.
அரை அங்குலம் போய் நிற்க வேண்டியது
பழைய பாவாடை நாடா மாதிரி
போய்க்கொண்டே இருந்தது.
அது வழுக்கினால் சார்ஜும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை.
"அவ்ளோதானா?"
அவ்வளவுதான். ஒரு ஸ்பேனர்,
ஆல்டர்னேட்டரை வெளியே நெம்ப ஒரு கம்பித் துண்டு.

மூடியில் கை வைக்கப் போனவனைத் தடுத்தேன்.
ஆறட்டும்.
பின்னால் ஐஸ் சொட்டும் சத்தம்.
மணலிப் பக்கம் ஆலைச் சுடர்,
நான் பிறந்த நாளிலிருந்து எரிகிறது.
அதைப் பார்த்து யாரும் வண்டியை ஓரங்கட்டியதில்லை.

தண்ணீர் ஊற்றியபின்
சாவியை ஒரு சுற்று மட்டும் திருப்பச் சொன்னேன்.
ஸ்டார்ட் பண்ணாதே.
இந்த நேரத்தில் எல்லாமே எரியணும்,
பேர் வாசித்ததும் கை தூக்குகிற பிள்ளைகள் மாதிரி.
பேட்டரி, உள்ளேன்.
சூடு, உள்ளேன்.
ஹேண்ட் பிரேக், உள்ளேன்.
எண்ணெய்க் குடுவை

ஆயில் லைட்டு எங்கடா?
அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
அங்கே கருங்கல் தடுப்புதான் தெரியும்.

டாஷுக்குப் பின்னால் கைவிட்டேன்.
ஹோல்டர் காலி.
ஓட்டையில் பீடிக்கட்டுத் தாள் மடித்துச் சொருகி
மேலே இன்சுலேஷன் டேப்.
சுத்தமான வேலை.

"பங்குனிலேர்ந்து மினுக்கு மினுக்குன்னு இருந்துச்சு.
ஓனரம்மாகிட்ட சொன்னேன்.
வண்டி நின்னா உன் கூலியும் நிக்கும்னாங்க.
எதிர்லயே எரிஞ்சிட்டிருந்தா ஓட்ட முடிலக்கா.
அதான்."

என் ஸ்கூட்டி மீட்டரிலிருந்து
ஒரு பல்பைப் பிடுங்கி அங்கே போட்டேன்.
எரிந்தது.
டிப்ஸ்டிக்கில் அளவு சரி, நிறம் கரி,
விரலில் தண்ணீராக ஓடுகிறது.

இப்போ ஸ்டார்ட் பண்ணு.
இரண்டு நொடியில் அணையணும்.
மூன்று.
நான்கு.
தேசப்பனின் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது.
ஐந்தில் அணைந்தது.
மூச்சு விட்டோம்.
ஐடிலில் ஒரு தடவை கண் சிமிட்டியது.

சென்சாராக இருக்கலாம்,
உப்புக் காற்றில் அதன் முனை பச்சை பூத்திருக்கிறது.
பம்ப்பாக இருக்கலாம். பேரிங்காகவும் இருக்கலாம்.
கேஜ் மாட்டாமல் சொல்ல முடியாது.
கேஜ் தண்டையார்பேட்டையில், கடைக்குள்.
ஐஸ் இங்கே.

"போலாமாக்கா?"

பில் புத்தகத்தைத் தொடையில் வைத்து எழுதினேன்.
பெல்ட் இறுக்கியது.
ரேடியேட்டர் கழுவியது.
மூன்றாவதாகப் பல்பு என்று எழுதினால்
பழையது எங்கே போச்சு என்று அந்தம்மா கேட்பாள்.
தேசப்பன் கோணியை இழுத்து இழுத்து
ஐஸை மூடிக்கொண்டிருந்தான், என் பக்கம் பார்க்காமல்.
பல்பை விட்டுவிட்டேன்.
அந்த இடத்தில் எழுதினேன்:
ஆயில் பிரஷர் லைட் எரிகிறது.
நாளைக்கே கேஜ் வைத்துப் பார்க்கணும்.
இல்லாவிட்டால் இன்ஜின் போகும், நான் பொறுப்பில்லை.
அடியில் இரண்டு கோடு.

மெதுவாப் போ, எரிஞ்சா உடனே நிறுத்து என்றேன்.
நிறுத்துவானா தெரியாது.
காசிமேடு வரைக்கும் பின்னாலேயே போனேன்,
ரோட்டில் ஐஸ் போட்ட ஈரக்கோட்டின் மேல்,
மீட்டர் இருட்டாக,
என் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று தெரியாமல்.